இணையம் அறுந்தாலும் விழாத பில்ட்: பேஸலில் வெளிப் பைதன் பொதிகளைக் கையாள முழுமையான வழிகாட்டி

கார்த்திகை, மார்கழி மழையில் கிளிநொச்சியில் கணினி வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கரண்ட் போகும், வரும். ரவுட்டரில் சிவப்பு லைட் மட்டும் எரியும். கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் இரண்டு கோடு நின்றாலே பெரிய காரியம். அதே நாட்களில்தான் எங்கள் மென்பொருளுக்கும் வேலை கூட. குளத்தின் நீர்மட்டத்தை உணரியிலிருந்து வாசித்து, கமக்காரர் அமைப்புகளின் தொலைபேசிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற பைதன் நிரல் அது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கீழே இருந்த ஊர்கள் பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு, அப்படியொரு செய்தி பிந்துவதன் அர்த்தம் விளங்கும்.

ஒரு மழை இரவு அந்த நிரலில் ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டி வந்தது. திருத்தினோம், பில்ட் (நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்து ஓடக்கூடியதாகக் கட்டும் வேலை) விழுந்தது. எங்கள் வரியில் பிழை இல்லை. பில்ட் நடுவழியில் இணையத்துக்குப் போய் ஒரு பொதியை, அதாவது வேறொருவர் எழுதி வெளியிட்ட நிரல் தொகுதியை, தேடியிருக்கிறது, இணையம் இல்லை. விடிய லைன் வந்ததும் திரும்ப ஓட்டினால் இன்னொரு பிழை. எங்களோடு வேலை பழகுகிற அறிவியல் நகர் வளாக மாணவன் பக்கத்தில் நின்றான்.

“அக்கா, என்ர லப்டொப்பில வடிவா ஓடுது. ஒபிஸ் மெஷின்லதான் விழுது.”

“உன்ர லப்டொப்பில பாண்டாஸ் எந்த வேர்ஷன் கிடக்கெண்டு பாத்தனியோ தம்பி?”

“பாக்கேல்ல அக்கா.”

பார்த்தோம். பாண்டாஸ் நாங்கள் எடுக்கும் வெளிப் பொதிகளில் ஒன்று. இரண்டு மெஷினிலும் அதன் இரண்டு வேர்ஷன். அன்று ஒரு முடிவு எடுத்தோம்: இணையத்துக்குப் போவது ஒரு வேலை, பில்ட் செய்வது இன்னொரு வேலை. முதலாவதை நேரம் பார்த்து, லைன் நல்லாக இருக்கும்போது, கண் முன்னால் செய்ய வேண்டும். இரண்டாவது எந்த மழையிலும் தனியே ஓட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பிரிப்பைச் செய்வது பற்றியதுதான்.

நாங்கள் பயன்படுத்துவது பேஸல். கூகுள் தன் உள்வீட்டு பில்ட் கருவியை 2015இல் திறந்த மூலமாக வெளியிட்டது; 1.0 வேர்ஷன் 2019இல் வந்தது. எந்த வேலைக்கு எந்தக் கோப்பு தேவை என்பதை முன்கூட்டியே சொல்லு, சொல்லாததைத் தொடாதே என்பது அதன் அடிப்படை. பைதன்காரரின் பழக்கமோ பொதிகளை இறக்கும் பிப் கருவியில் இன்ஸ்டால் அடித்துவிட்டு மெஷினில் கிடப்பதை எடுப்பது. இந்த இரண்டும் முட்டுகிற இடத்தில்தான் எல்லாச் சிக்கலும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்; பேஸலின் பெயர்களில் நான் இடைக்கோடு போட்ட இடத்தில் அடிக்கோடு வரும்.

படி 1: கேட்டதை ஒரு கோப்பில், கிடைத்ததை இன்னொரு கோப்பில்

முதல் கோப்பு, ரிக்வயர்மென்ட்ஸ்.இன். இதை நீங்கள் கையால் எழுதுவீர்கள். உங்கள் நிரலில் நேரடியாக இம்போர்ட் செய்கிற பொதிகளின் பெயர் மட்டும், வரிக்கு ஒன்றாக. எங்களுடையதில் ரிக்வெஸ்ட்ஸ், பைசீரியல், பாண்டாஸ், பையமல் என்று நாலு வரிதான் முதலில் இருந்தது. இரண்டாவது, ரிக்வயர்மென்ட்ஸ்-லொக் என்ற கோப்பு. இதைக் கருவி எழுதும். நீங்கள் கை வைக்கக்கூடாது. இரண்டையும் கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கொமிட் செய்ய, அதாவது பதிய, வேண்டும்.

முதல் கோப்பை எழுதும்போது பெயரில் வழுக்கி விழுபவர்கள் அதிகம், ஆகவே இதில் கொஞ்சம் நிற்கிறேன். நிரலில் இம்போர்ட் செய்கிற பெயரும் பைதன் பொதிகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் பொதிக்கு இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பைதனில் இல்லை. உணரியோடு பேச நாங்கள் இம்போர்ட் செய்வது ‘சீரியல்’. பொதியின் பெயர் ‘பைசீரியல்’. ‘சீரியல்’ என்ற பெயரிலேயே பைபிஐயில் வேறொரு பொதி இருக்கிறது, அதற்கும் சீரியல் போர்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதை இன்ஸ்டால் செய்துவிட்டு, போர்ட் திறக்கவில்லை என்று வயரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்த பெடியங்களைக் கண்டிருக்கிறேன். ‘யாமல்’ என்று இம்போர்ட் செய்வது பையமல் பொதி, ‘சிவி2’ ஓப்பன்சிவி-பைதன் பொதி, ‘பிஐஎல்’ பில்லோ பொதி, ‘எஸ்கேலேர்ன்’ சைகிட்-லேர்ன் பொதி. சந்தேகம் வந்தால் ஊகிக்காமல், அந்தப் பொதியின் சொந்த ஆவணத்தில் இன்ஸ்டால் வரியைப் பாருங்கள். எழுத்துப் பிழைக்காகவே காத்திருக்கிற கள்ளப் பொதிகளும் பைபிஐயில் அடிக்கடி பிடிபடுகின்றன.

வேர்ஷன் எல்லை போடலாமா? காரணம் தெரிந்தால் போடுங்கள், காரணத்தைப் பக்கத்தில் குறிப்பாக எழுதுங்கள். 2024 ஜூனில் எண் கணக்குப் பொதியான நம்பையின் 2.0 வந்தபோது, பழைய 1 வரிசை நம்பைக்காகக் கொம்பைல் செய்த பல பொதிகள் அதனோடு ஓட மறுத்தன. அந்த நேரத்தில் ‘நம்பை 2க்குக் கீழே’ என்று எழுதியது சரியான எல்லை. காரணம் இல்லாமல் எல்லாவற்றுக்கும் எல்லை போட்டால், பிறகு ஒன்றை உயர்த்தப் போகும்போது எல்லாம் சேர்ந்து கட்டிப்போடும்.

இன்னொன்று: ரிக்வெஸ்ட்ஸ் தன்னோடு யூஆர்எல்லிப்3 என்ற பொதியைக் கூட்டி வருகிறது. அதை உங்கள் நிரலும் நேரடியாக இம்போர்ட் செய்தால், அதன் பெயரையும் முதல் கோப்பில் எழுதுங்கள். இன்னொருவரின் விருந்தாளியை நம்பி உலை வைக்கக்கூடாது. அவர் நாளைக்கு வராமல் விடலாம்.

படி 2: லொக் செய்வது

பிப்-டூல்ஸ் என்ற கருவித் தொகுப்பில் பிப்-கொம்பைல் இருக்கிறது. அதற்கு முதல் கோப்பைக் கொடுத்து, ‘ஜெனரேட்-ஹாஷஸ்’ என்ற தெரிவையும் சேர்த்து ஓட்டினால், வேர்ஷன்களைப் பூட்டி வைக்கும் லொக் கோப்பு வரும். திறந்து பாருங்கள். ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற ஒரு சொல் ஐந்து பொதிகளாக விரிந்திருக்கும்: அதுவும், சேர்டிஃபை, சார்செட்-நோமலைசர், ஐடிஎன்ஏ, யூஆர்எல்லிப்3 ஆகியவையும். ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சமன் குறியோடு ஒரே ஒரு வேர்ஷன். கீழே ‘வயா’ என்ற குறிப்பு, இதை யார் கூட்டி வந்தார் என்று சொல்லும். கூடவே நீண்ட ஷா-256 ஹாஷ்கள்.

ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் மாறும், பிப் அந்தக் கோப்பை ஏற்காது. விதைநெல் வாங்கும்போது மூடையில் தைத்த சீட்டைப் பார்க்கிற அதே கவனம் இங்கும் வேண்டும். இது வீண் பயம் இல்லை. 2022 மே மாதம் ‘சிடிஎக்ஸ்’ என்ற பழைய பைதன் பொதியின் சொந்தக்காரருடைய மின்னஞ்சல் டொமெய்ன் காலாவதியாகிக் கிடந்தது. ஒருவர் அந்த டொமெய்னை வாங்கி, கடவுச்சொல்லை மாற்றி, கணக்கைக் கைப்பற்றி, மெஷினில் இருக்கும் சூழல் மாறிகளைத் திருடுகிற வேர்ஷன்களை ஏற்றினார். சூழல் மாறிகளில்தான் எங்களைப் போன்றவர்கள் குறுஞ்செய்திச் சேவையின் சாவியை வைத்திருக்கிறோம். வேர்ஷனும் ஹாஷும் பூட்டிய இடத்துக்குள் அப்படி ஏற்றியது நுழையாது.

ஹாஷ் சோதனையில் அரைகுறை இல்லை: ஒரு பொதிக்கு ஹாஷ் எழுதினால் எல்லாவற்றுக்கும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பிப் முழுதையும் மறுக்கும். பொதிகளைக் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸ் காரணமாக இந்த மறுப்பு வந்தால் ‘அலவ்-அன்சேஃப்’ தெரிவைச் சேர்த்துத் திரும்ப ஓட்டுங்கள். பெயர் பயமுறுத்தினாலும் அது செய்வது செட்டப்டூல்ஸ் போன்றவற்றையும் லொக்கில் எழுதுவதுதான்.

லொக் கோப்பு அதை உருவாக்கிய மெஷினின் இயங்குதளத்துக்கும் பைதன் வேர்ஷனுக்கும் உரியது. விண்டோஸ் லப்டொப்பில் உருவாக்கி லினக்ஸ் சேர்வரில் ஓட்டினால், விண்டோஸுக்கு மட்டும் தேவையான ஒன்று உள்ளே இருக்கும், லினக்ஸுக்குத் தேவையான ஒன்று விடுபட்டிருக்கும். ஓட்டப்போகும் இயங்குதளத்திலேயே, அதே பைதனிலேயே லொக் செய்யுங்கள். இரண்டு தளம் வேண்டுமென்றால் இரண்டு லொக் கோப்பு. அல்லது 2024இல் வந்த யூவி என்ற கருவியில் ‘யூனிவேர்சல்’ தெரிவோடு கொம்பைல் செய்தால் ஒரே கோப்பில் எல்லாத் தளங்களுக்கும் எழுதித் தரும். யூவி மிக வேகமானது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதையே சொல்வேன்.

படி 3: பேஸலிடம் ஒப்படைப்பது

ரெபோவின் (நிரல் கோப்புகள் எல்லாம் இருக்கும் கோப்புறை) மேல்மட்டத்தில் மொட்யூல்.பேஸல் என்ற கோப்பை வையுங்கள். பழைய வழிகாட்டிகள் வேர்க்ஸ்பேஸ் கோப்பைக் காட்டும். பேஸல் 8 அதை இயல்பாக அணைத்துவிட்டது, 9இல் அது இல்லை. அங்கே தொடங்கினால் வீண் அலைச்சல். பேஸலின் வேர்ஷனையும் ‘.பேஸல்வேர்ஷன்’ என்ற சின்னக் கோப்பில் எழுதி, அதைப் பார்த்துப் பேஸலை எடுத்து ஓட்டுகிற பேஸலிஸ்க் மூலம் ஓட்டுங்கள். எல்லோர் மெஷினிலும் ஒரே பேஸல் இருக்கும்.

மொட்யூல் கோப்பில் நாலு விசயம். ரூல்ஸ்-பைதன் என்ற விதித்தொகுப்பை ஒரு குறித்த வேர்ஷனோடு கேளுங்கள். அதன் பைதன் நீட்சியில் டூல்செயினுக்கு (பில்ட் பயன்படுத்தப்போகும் பைதன்) வேர்ஷனைச் சொல்லுங்கள், உதாரணமாக 3.12, பேஸல் அந்தப் பைதனையே தனியாக இறக்கிக்கொள்ளும், மெஷினில் உள்ள பைதனை நம்பாது. அடுத்து பிப் நீட்சியில் ‘பார்ஸ்’ அழைப்பு: ஹப் (லொக்கில் உள்ள பொதிகளைச் சேர்த்துக் காட்டும் இடம்) பெயர் ‘பைபிஐ’, பைதன் வேர்ஷன் முன் சொன்ன அதே 3.12, லொக் கோப்பின் பாதை. கடைசியாக ‘யூஸ்-ரெபோ’ வரியில் அந்த ஹப்பை வெளியே எடுங்கள். டூல்செயின், பார்ஸ், லொக் செய்த மெஷின் ஆகிய மூன்று இடத்திலும் பைதன் வேர்ஷன் ஒன்றாக இருக்க வேண்டும். புரியாத பிழை வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

இனி ஒவ்வொரு கோப்புறையின் பில்ட் கோப்பிலும், பை-லைப்ரரி விதியின் ‘டெப்ஸ்’ பட்டியலில், எங்கள் உணரி வாசிப்பான் பைசீரியலையும் செய்தி அனுப்பி ரிக்வெஸ்ட்ஸையும் மட்டும் கேட்கும். ஒவ்வொருவருக்கும் தேவையானது மட்டும். பொதிப் பெயரில் இடைக்கோடு இருந்தால் இங்கே அடிக்கோடாக எழுதுங்கள். ஒரு நல்ல பலன்: லொக்கில் எண்பது பொதி இருந்தாலும், நீங்கள் பில்ட் செய்கிற இலக்குக்கு எது தேவையோ அதை மட்டும் பேஸல் இறக்கும். டேட்டா கார்ட்டில் வேலை செய்கிற எங்களுக்கு இது சின்ன விசயம் அல்ல.

படி 4: வீலா, மூலப்பொதியா

பைதன் பொதி இரண்டு வடிவில் வரும். வீல் என்பது அவித்து, காய வைத்து, குற்றி, தீட்டிய அரிசி. உலையில் போட்டால் சோறு. மூலப்பொதி என்பது நெல். அதை உங்கள் மெஷின் குற்ற வேண்டும்: சி கொம்பைலர், ஹெடர் கோப்புகள், சில வேளைகளில் வேறு லைப்ரரிகள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேசும் சைக்கோபிஜி2வை மூலத்திலிருந்து எடுக்கப் போனால் போஸ்ட்கிரெஸின் ‘பிஜி-கொன்ஃபிக்’ இல்லையென்று நிற்பது இதனால்தான்.

ஆனால் கொம்பைலர் இல்லாதது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை, லொக் கோப்பால் மூலப்பொதியை முழுதாகப் பூட்ட முடியாது என்பது. மூலப்பொதியைக் குற்றத் தேவையான கருவிகளைப் பிப் ஒரு தனி அறையில், அந்த நேரத்தில் இணையத்திலிருந்து இறக்குகிறது. அந்தக் கருவிகளின் வேர்ஷன் உங்கள் லொக்கில் இல்லை. 2023 ஜூலையில், அப்படியொரு கருவியான சைதனின் 3.0 வெளியானது. பையமல் 5.4.1 என்று சரியாகப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கும், அதை மூலத்திலிருந்து குற்றிய இடங்களில் எல்லாம் பில்ட் விழுந்தது. அவர்கள் ஒரு வரியும் மாற்றவில்லை. பையமல் மாறவில்லை. குற்றுகிற உலக்கை மட்டும் மாறியிருந்தது. லொக் செய்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைக்கிறவர்கள் இந்தச் சம்பவத்தை மனதில் வைத்திருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் விடிய வந்த அந்த இரண்டாவது பிழையும் இதே இனம்: பூட்டாத ஒன்றின் வேர்ஷன் வேறாக இருந்தது.

ஆகவே விதி: வீல் மட்டும். பார்ஸ் அழைப்பில் ‘டவுன்லோட்-ஒன்லி’யை இயக்கினால், மூலத்திலிருந்து குற்றுகிற வேலைக்கே பேஸல் போகாது, வீல் இல்லாத பொதி அந்த இடத்திலேயே பிழையாக நிற்கும். அப்படி நிற்பது நல்லது, மழை இரவில் நிற்பதைவிட. வீலே இல்லாத பொதி கட்டாயம் தேவையென்றால், லைன் உள்ள நாளில் ஒருமுறை நீங்களே ‘பிப் வீல்’ கொண்டு வீலாக்கி, அந்த வீலைப் பத்திரப்படுத்தி, அதன் ஹாஷை லொக்கில் சேர்க்க வழி செய்யுங்கள். அதற்கு முன், வீல் உள்ள வேறு பொதி இருக்கிறதா என்று தேடுங்கள். சைக்கோபிஜி2க்கு வீலாக வரும் ‘பைனரி’ வடிவம் இருக்கிறது.

படி 5: இணையம் இல்லாமல் பில்ட்

அந்த மழை இரவில் பில்ட் ஏன் இணையத்துக்குப் போனது என்று பிறகு ஆராய்ந்தோம். அதற்கு முந்திய நாள், வேறொரு பிழையை விரட்ட, பேஸலில் ‘கிளீன்’ கட்டளையை ‘எக்ஸ்பஞ்ச்’ தெரிவோடு ஓட்டியிருந்தோம். அது இறக்கிய வெளிப் பொதிகள் அத்தனையையும் துடைத்துவிடும். பேஸலுக்கு ரிப்போசிட்டரி கேஷ் என்று ஒரு களஞ்சியம் உண்டு. ஹாஷ் தெரிந்த கோப்புகளை அதில் சேர்க்கும், எக்ஸ்பஞ்ச் அதைத் தொடாது. ஆனால் எங்கள் அமைப்பில் வீல்களைப் பேஸல் இறக்கவில்லை, பிப்பைக் கூப்பிட்டு இறக்க வைத்தது. அதனால் அவை அந்தக் களஞ்சியத்துக்குள் போகவேயில்லை. பார்ஸ் அழைப்பில் ‘எக்ஸ்பெரிமென்டல்-இண்டெக்ஸ்-யூஆர்எல்’ கொடுத்தால் வீல்களையும் பேஸலே இறக்கும், அவையும் களஞ்சியத்தில் நிற்கும். ‘ரிப்போசிட்டரி-கேஷ்’ தெரிவில் ஒரு நிலையான கோப்புறையைக் கொடுத்து, அதைப் பேக்கப்பிலும் சேருங்கள்.

நாங்கள் இதற்கு மேலும் ஒன்று வைத்திருக்கிறோம்: வீல் பட்டறை. அது வீல்கள் நிறைந்த ஒரு கோப்புறை மட்டும்தான். லைன் நல்ல இடத்தில், லொக் கோப்பைக் காட்டி ‘பிப் டவுன்லோட்’ ஓட்டினால் எல்லா வீலும் அதில் இறங்கும். யாராவது வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும்போது லப்டொப்பில் இறக்கி, பென்டிரைவில் கொண்டு வருவார்கள். பிறகு பார்ஸ் அழைப்பின் ‘எக்ஸ்ட்ரா-பிப்-ஆர்க்ஸ்’ பட்டியலில் ‘நோ-இண்டெக்ஸ்’, ‘ஃபைண்ட்-லிங்க்ஸ்’ இரண்டையும் சேர்த்து அந்தக் கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுத்தால், பிப் இணையப் பக்கம் திரும்பாது. இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் கலக்காமல் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். மெஷின் ஒன்றிரண்டு என்றால் பட்டறை போதும். கூட என்றால் முதலாவது வழி.

குளக்கரையில் நிற்கும் பெட்டி ஆர்ம் செயலி, அலுவலக மெஷின் இன்டெல். இன்டெல்லில் நின்றுகொண்டு ஆர்முக்கு வீல் இறக்க, ‘பிளட்ஃபோம்’ தெரிவில் ‘மெனிலினக்ஸ்2014_ஏஆர்ச்64’ என்று கொடுத்து, ‘ஒன்லி-பைனரி’யை எல்லாப் பொதிக்கும் போட வேண்டும். பின்னதை விட்டால் பிப் முன்னதை ஏற்காது.

எல்லாம் முடிந்ததும் சோதனை. பேஸலின் அமைப்புக் கோப்பில் ‘சேண்ட்பொக்ஸ்-டிஃபோல்ட்-அலவ்-நெட்வேர்க்’கை இல்லை என்று ஆக்குங்கள்; லினக்ஸில் பில்ட் வேலைகளும் சோதனைகளும் களவாக இணையத்துக்குப் போக முடியாது. ஆனால் அது பொதி இறக்கும் கட்டத்தைத் தடுக்காது. அதற்கு நம்பிக்கையான சோதனை ஒன்றுதான்: எக்ஸ்பஞ்ச் ஓட்டி, கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்து, முழு பில்ட். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நிற்காமல் கண்டி வீதியில் போகிற பஸ் அரிது. எங்கள் வெளியீடும் இந்தச் சோதனையில் நிற்காமல் போவதில்லை.

படி 6: உயர்த்துவது

பூட்டிவிட்டு மறந்துபோவதும் ஆபத்துத்தான். பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் போகும். நாங்கள் வருசத்தில் இரண்டு தரம் உயர்த்துகிறோம்: காலபோக மழைக்கு முன், புரட்டாதியில் ஒன்று, அறுவடை முடிந்து பங்குனியில் ஒன்று. மழை தொடங்கியபின் பாதுகாப்புக் காரணம் தவிர வேறெதற்கும் லொக்கைத் தொடமாட்டோம். பாதுகாப்பை அறிய பிப்-ஓடிட் கருவிக்கு லொக் கோப்பைக் கொடுங்கள். அறியப்பட்ட ஓட்டைகளைப் பட்டியலிடும்.

பிப்-கொம்பைல் சும்மா ஓட்டினால் ஏற்கெனவே பூட்டியதை மாற்றாது. ஒரு பொதியை மட்டும் உயர்த்த ‘அப்கிரேட்-பக்கேஜ்’ தெரிவோடு அதன் பெயரைக் கொடுங்கள். ஒன்றை உயர்த்து, சோதனைகளை ஓட்டு, கொமிட் செய், அடுத்ததற்குப் போ. எல்லாவற்றையும் ஒரே கொமிட்டில் உயர்த்தினால், விழும்போது எதனால் விழுந்தது என்று தேட ஒரு கிழமை போகும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் லொக்கை மாற்றி கிட் முட்டினால், கையால் பொருத்தாதீர்கள். ஒரு பக்கத்தை எடுத்து, முதல் கோப்பிலிருந்து திரும்ப உருவாக்குங்கள். ரூல்ஸ்-பைதனில் ‘கொம்பைல்-பிப்-ரிக்வயர்மென்ட்ஸ்’ விதியை வைத்தால், இரண்டு கோப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஒரு சோதனையும் கிடைக்கும். அதற்கு இணையம் தேவை என்பதால் அதை மட்டும் தனியே ஓட்டுங்கள்.

சில சில்லறைச் சிக்கல்கள்

ஒரே ரெபோவில் பல நிரல் இருந்தால் ஒரே லொக் வைத்திருக்கப் பாருங்கள். இரண்டு ஹப் வைக்கலாம், ஆனால் ஒரு நிரலுக்குள் ஒரே பொதியின் இரண்டு வேர்ஷன் வந்தால் எது முதலில் அகப்படுகிறதோ அதுதான் ஓடும். ஸ்பிங்ஸ் போன்ற சில பொதிகள் ஒன்றையொன்று சுற்றிச் சார்ந்திருக்கும். பேஸல் சுழற்சியை ஏற்காது, பார்ஸ் அழைப்பில் ‘எக்ஸ்பெரிமென்டல்-ரிக்வயர்மென்ட்-சைக்கிள்ஸ்’ பட்டியலில் அவற்றை ஒரு குழுவாக எழுதினால் தீரும். சொந்தப் பொதிக் களஞ்சியம் நடத்துகிறவர்கள் ‘எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யூஆர்எல்’ தெரிவைத் தவிருங்கள்: 2022 மார்கழிக் கடைசியில் பைடோர்ச் என்ற இயந்திரக் கற்றல் பொதியின் இரவு வெளியீடுகளை இறக்கியவர்களுக்கு, பைடோர்ச்சின் உள் பொதி ஒன்றின் பெயரிலேயே பைபிஐயில் ஒருவர் ஏற்றிய கள்ளப் பொதி போய்ச் சேர்ந்தது அந்த வழியால்தான்.

போன புரட்டாதி உயர்த்தலை அந்த மாணவனே தனியே செய்தான். கேபிளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு பில்ட்டை ஓட்டினான். முடிந்ததும் பென்டிரைவில் லொக்கின் கொமிட் இலக்கத்தையும் திகதியையும் துண்டில் எழுதி ஒட்டி, லாச்சிக்குள் வைத்தான். பழையதை எறியவில்லை, இரண்டும் அங்கேதான் கிடக்கின்றன.